நான் திருத்திய மூன்று வரிகள்

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து வரும் சூடான தாளின் வாசனை... வேங்கிக்கால் ஆபீஸை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். கீழே, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வந்தவர்கள் நகல் எடுக்க நிற்பார்கள். மாடியில் நாங்கள் ஐந்து பேர், ஐந்து கம்ப்யூட்டர், கதவில்லாத ஓர் அலமாரி.

எனக்கு அப்போது அறுபது வயது. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற சில மாதங்களில் என் கணவர் போய்விட்டார். வருகிறவர்களிடமெல்லாம் அனுதாபம் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். பிறகு, வெப்சைட் செய்து கொடுக்கும் இந்தச் சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். அடுத்தவர் செய்ததில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. அது எனக்குப் புதிதா என்ன?

செல்வி கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். முப்பது வயது. அவள் ஊர் எண்ணெய்க் கடைக்காரரின் வெப்சைட்தான் அவள் கையில் தனியாகக் கொடுக்கப்பட்ட முதல் வேலை.

"இத ஒழுங்கா முடிச்சா அடுத்ததும் உனக்குத்தான். சொதப்பினா மறுபடியும் டைப்பிங்தான்" என்று எங்கள் முதலாளி குமரன் சொல்லியிருந்தார்.

பக்கத்தின் நிறம், எழுத்தின் அளவு எல்லாவற்றையும் சாஸ் என்ற சுருக்கமான முறையில் எழுதியிருந்தாள். பிரவுசருக்கு அது நேரடியாகப் புரியாது. அதை மாற்றித் தர லோடர்கள் என்ற மூன்று குட்டி புரோகிராம்கள் வேண்டும். ஒன்று சாஸை பிரவுசருக்குப் புரியும் சாதாரண சிஎஸ்எஸ் ஆக்கும். அடுத்தது அதைப் படித்து எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். செட்டிங்ஸ் ஃபைலில் இந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும்.

செல்வி எழுதியிருந்ததைப் பார்த்தேன். கடைசியில் நடக்க வேண்டியது மேலே இருந்தது. முதலில் நடக்க வேண்டியது கீழே இருந்தது.

சோற்றை வடித்துவிட்டு அரிசி களைவதா?

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸைத் திருப்பிவிடுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று அவள் நாலு மணிக்கே கிளம்பிவிட்டாள். நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: தப்பைப் பார்த்தால் அங்கேயே அப்போதே திருத்து. திருத்தினேன். அவள் கம்ப்யூட்டரிலேயே மூன்று வரிகளையும் 'சரியான' வரிசையில் எழுதி வைத்தேன். திரையில் பக்கம் அப்படியேதான் இருந்தது. பரம திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

செட்டிங்ஸை மாற்றினால், நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டும்போதுதான் அது தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். செல்வி தன் கம்ப்யூட்டரைப் போட்டு, வெப்சைட்டை ஓட்டினாள்.

பக்கம் வரவில்லை... திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.

"நேத்து நாலு மணி வரைக்கும் நல்லாதான் சார் ஓடுச்சு."

"நேத்து ஓடி என்னம்மா பண்றது? அவரு இன்னிக்கு வந்து உக்காந்துகினு இருக்காரு!" என்றார் குமரன்.

கடைக்காரர்தான் சமாதானம் சொன்னார். "மெதுவா பாருங்க. செக்குல போட்ட மல்லாட்டையே உடனே எண்ணெய் ஆவறதில்ல." எங்கள் பக்கம் மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.

செல்வி தான் எழுதிய சாஸ் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினாள். இரண்டு வாரமாக ஓடிய செட்டிங்ஸைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை.

"உன்னால முடியலன்னா முன்னாடியே சொல்லி இருக்கலாம்ல?" என்றார் குமரன்.

அவள் மூக்கு விடைத்தது. அழுகையை அடக்கினால் அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

எனக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் பழையபடி மாற்றிவிடலாம்... என் மானம் போகாது. ஆனால் அதற்குள் அவள் வேலை கைமாறிவிடும்.

எழுந்து நின்றேன். "குமரன், செல்வி மேல தப்பு இல்ல. லோடர் வரிசைய நான்தான் நேத்து மாத்தினேன்."

"நீங்களா மேடம்? எதுக்கு?"

"தப்பா இருக்குன்னு நெனச்சேன்."

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "அய்யோ மேடம்... அது கீழ இருந்து மேல போவும் மேடம். உங்களுக்குப் புடிக்காது. ஆனா அது அப்டித்தான்."

வரிகளை மாற்றினாள். மறுபடி ஓட்டினாள். சிவப்பு போனது. மஞ்சள் பட்டையும், எண்ணெய் பாட்டில்களும், கடைப்பெயரும் வந்தன.

"அட, நம்ம கடையா இது? நேர்ல கூட இவ்ளோ சுத்தமா இல்லியே!" என்றார் கடைக்காரர். குமரனும் சிரித்துவிட்டார். "அடுத்ததும் நீயே பாரும்மா" என்று செல்வியிடம் சொன்னார்.

மதியம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

"விடுங்க மேடம், தயிர்சாதம் ஆறிடப் போவுது" என்றாள்.

வருடங்கள் ஓடிவிட்டன. அந்த மாடியில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். செல்வி சென்னையில் இருக்கிறாள். எண்ணெய்க் கடை வெப்சைட்டை மட்டும் நான் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் அதை, வெப்சைட்டைக் கட்டித் தரும் புது பில்ட் கருவிக்கு மாற்றினேன். சாஸை இன்ஸ்டால் செய்தால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்கிறது. லோடர் பட்டியலே கிடையாது. திருத்துவதற்கு எனக்கும் ஒன்றும் இல்லை... அப்பாடா!

பழைய செட்டிங்ஸ் ஃபைலை நீக்குவதற்கு முன் ஒருமுறை திறந்தேன். அந்த நாளுக்குப் பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை. மூன்று வரிகளுக்கு மேலே செல்வி ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள்.

"இத மாத்தாதீங்க. கீழ இருந்து மேல ஓடும். டவுட்னா மேடத்த கேளுங்க, அவங்களுக்கு நல்லா தெரியும்."

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரும் இந்தச் சந்தேகத்தை மட்டும் என்னிடம்தான் வந்து கேட்டார்கள். என் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.