பலகையில் ஒன்பதாவது பெயர்

போர்க்காலத்தில் ஊரே ஒளிந்து வாழ்ந்த சுரங்கம் இப்போது அருங்காட்சியகம். வாசலில் சீட்டுக் கொடுப்பவள் மியென். ஐம்பது வயதாகியும், தலை நிமிராமலே சீட்டை நீட்டுவாள்.

அன்று காலை நிர்வாகி லியூ, போர்க்கால மருத்துவச்சியின் குறிப்பேட்டோடு வந்தாள்.

"அக்கா, சுரங்கத்துல பொறந்த பிள்ளைங்க பேரைப் புதுப் பலகையில எழுதப்போறோம். ஒம்பது பேர்ல எட்டுப் பேரைக் கண்டுபிடிச்சாச்சு. ஒம்பதாவது வெறும் 'நாய்க்குட்டி'ன்னு இருக்கு. நிஜப் பேர் வைக்கிறதுக்குள்ள போயிடுச்சு போல. 'இறந்தது'ன்னு எழுதச் சொல்லிட்டேன். மத்தியானம் ஆள் வர்றார்."

மியெனின் கை சீட்டுக்கட்டின் மேலேயே நின்றது.

பேய் தூக்கிப் போகாதிருக்கக் பிறந்த குழந்தையை முதலில் அசிங்கமான பெயரால் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். அவளுக்கு வாய்த்தது நாய்க்குட்டி. மூன்று மாதத்தில் குடும்பத்தோடு வடக்கே போனாள். சான்றிதழில் பிறந்த ஊராக வடக்கையே எழுதிவிட்டார்கள். இருபது வயதில் திரும்பி வந்தும் சுரங்கத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால் அந்தப் பெயரும் வெளியே வரும். மீன் பிடிக்கும் அண்ணன் தோவானையும் வேலையிடத்தில் அப்படிக் கூப்பிடக் கூடாதென்று மிரட்டி வைத்திருந்தாள்.

அம்மாவோடு வந்த ஒரு சிறுமி சன்னலில் எட்டிப் பார்த்தாள். "இங்க பொறந்த பாப்பால்லாம் இப்ப உயிரோட இருக்காங்களா?"

மியென் போனை எடுத்தாள்.

"அண்ணா, இங்க வந்து என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடு."

"வெயில் தலைக்கேறிடுச்சா? முப்பது வருஷமா என் வாயைக் கட்டிப்போட்டுட்டு..."

"என்னைச் செத்துட்டேன்னு எழுதப்போறாங்க. சான்றிதழ்ல வடக்குன்னு இருக்கு, நான் மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்க. லியூ காதுல விழற மாதிரிக் கூப்பிடு."

தோவான் மீன் வாடையோடு வந்து, வாசலிலிருந்தே கத்தினான்.

"ஏ நாய்க்குட்டி! செத்துட்டியாமே! அப்ப நேத்து எங்க வீட்ல ரெண்டு கிண்ணம் மீன் கஞ்சி குடிச்சது யாரு?"

நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். காதெல்லாம் சிவந்துபோக மியென் எழுந்து நின்றாள்.

"நான்தான் அந்த ஒம்பதாவது."

"இவ பொறந்தப்ப மேல குண்டு விழுந்துச்சு. கூரை மண்ணு பேந்து இவ இடது புருவம் கிழிஞ்சுது. பக்கத்துல நான்தான் நின்னேன்" என்றான் தோவான்.

லியூ குறிப்பேட்டைப் புரட்டினாள். 'இடது புருவத்தில் காயம்.' நிமிர்ந்து மியெனின் தழும்பைப் பார்த்தாள்.

"தினமும் இந்த முகத்துல முழிச்சிட்டு, ஊரெல்லாம் உங்களைத் தேடினேனேக்கா!"

மத்தியானம் பலகை எழுதுபவர் தூரிகையை நனைத்துக்கொண்டு கேட்டார். "மியென்னு மட்டும் போட்டாப் போதுமாம்மா?"

"நாய்க்குட்டியை முதல்ல போடுங்க" என்றாள் மியென், அவர் முகத்தைப் பார்த்தே.