சிங்கப்பூரில் தொலைந்த அழகேசன்

கோலா கெத்திலுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் இருளப்பன். நல்ல ஓட்டுநர், அதைவிட நல்ல குடிகாரர். குடித்தால் அடிதடி கிடையாது, பேச்சுதான். கள்ளுக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாரென்றால் துரை பங்களாச் சமாசாரம் முதல் வேலை வாங்கும் மண்டோர் வீட்டுச் சண்டை வரை எல்லாம் வெளியே வந்துவிடும்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலம் அவருடைய குடியைத்தான் முதலில் தொட்டது. தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். பொழுது சாய்ந்தால் வேலிக்கதவு மூடிவிடும். கள்ளுக்கடையை அதற்கும் முன்னே சாத்திவிடுவார்கள். அரைப் போதையில் வீட்டுக்குப் போவதைப் போல ஒரு கொடுமை உலகத்தில் இல்லை என்பது இருளப்பனின் கட்சி.

"சிங்கப்பூருக்குப் போவணும்லா. அங்க வெளக்கு அணையறதே இல்லையாம். கதவ சாத்துறேன்னு சொல்ல ஒருத்தன் கெடையாது. கால் மேல கால் போட்டு பீர் குடிக்கணும்" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரிப்பார்கள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் தீபாவளி நெருங்கும்போது, "எப்பண்ணே போறோம்?" என்று வந்து நின்றான் அழகேசன். காட்டோரத்து மரங்களைப் பாலுக்காகச் சீவுகிறவன். பக்கத்து லயம். மனைவி குணவதி, கைக்குழந்தை ஒன்று. கேட்டதற்குப் பதில் சொல்வானே தவிர, தானாக வாய் திறக்கமாட்டான். அவனா கேட்கிறான் என்று இருளப்பனுக்கே ஆச்சரியம். கோலா கெத்தில் கடைத்தெருவில் மளிகை வைத்திருந்த மூசாவும் சேர்ந்துகொண்டார். மூசா குடியைத் தொடாதவர். ஆனால் சிங்கப்பூரில் அவருடைய மாமா சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார், மாடியில் படுத்துக்கொள்ளலாம்.

தீபாவளி லீவோடு ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வந்தது. மூன்று பேரும் சுங்கை பட்டாணியில் ரயிலேறினார்கள். வழியில் சிப்பாய்கள் ஏறி ஐசி என்னும் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பையைக் கொட்டச் சொன்னார்கள். ஜொகூர் பாலத்தைத் தாண்டியதும் இருளப்பன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மலாயா முடிஞ்சிருச்சு!" என்று கத்தினார். தோட்டத்து ஆளுக்கு அது வெளிநாடுதான்.

விளக்குகள் அவர் சொன்னதற்கு மேலாகவே இருந்தன. கப்பல்காரர்கள் வந்துபோகும் ஒரு பாருக்குள் நுழைந்து உட்கார்ந்தார்கள். மூசாவுக்கு ஆரஞ்சுத் தண்ணீர், மற்ற இருவருக்கும் பீர். விலையைக் கேட்டதும் இருளப்பன் நிமிர்ந்துவிட்டார்.

"பாட்டிலோட வெலையா, மேசையோட வெலையா?"

ஒரே பாட்டிலைப் பாதிப் பாதியாக ஊற்றி, மருந்து குடிப்பதுபோல் குடித்தார்கள். அடுத்த மேசைக்காரன் ஆறாவது பாட்டிலைத் திறந்தான். இந்த விலையில் போதை ஏறாது என்று கண்டு, விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் ஒரு கள்ளுக்கடை. ஐந்நூறு மைல் வந்து கள்ளு! அதுவும் புளித்த கள்ளு. இருளப்பனுக்கு அழுகையே வரும்போல் இருந்தது. அழகேசன் எழுந்து போய் எங்கிருந்தோ இரண்டு பாட்டில் பீர் வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தான்.

"நீங்க குடிங்கண்ணே. எனக்குப் போதும்."

அன்று இருளப்பன் ஆசை தீரக் குடித்தார். காலையில் மாடியில் கண்விழித்தபோது அழகேசனின் பாய் சுருட்டியிருந்தது. வருவான் வருவான் என்று பார்த்தார்கள். ரயில் நேரம்வரை வரவில்லை. "போதையில எங்கயாச்சும் விழுந்து கெடப்பான். மாமாகிட்ட சொல்லிட்டேன், வந்தா ஏத்தி அனுப்புவாரு" என்று மூசா அவரை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

தோட்டத்தில் தண்ணீர்க் குழாயடியிலேயே குணவதி அவரை மறித்தாள். "எம்புருசன எங்க வித்துக் குடிச்சீங்க?" என்று மண்ணை வாரி அவர் சட்டையில் இறைத்தாள். லயமே வேடிக்கை பார்த்தது. இருளப்பன் மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை.

அடுத்த நாள் போலீஸ் மாத்தாக்காரர்கள் வந்து இருளப்பனை அழைத்துப் போனார்கள். அந்தக் காலத்தில் ஆள் காணோம் என்றால் காட்டுக்குப் போய்விட்டான் என்றுதான் அர்த்தம்.

"மூணு பேரு போனீங்க, ரெண்டு பேரு வந்தீங்க. அவன் காட்டுக்காரன்களோட சேந்துட்டானா?"

"காட்டுக்குப் போறவன் லயத்துக்குப் பின்னாடி நடந்தா போதும்யா. சிங்கப்பூர் வரைக்கும் எதுக்கு ரயில் ஏறணும்?"

மூசாவும் அதையேதான் சொன்னார். குடித்துவிட்டு ஓடிப்போன கூலி என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். தோட்டம் விடவில்லை. கூட்டாளியைக் குடித்துத் தொலைத்தவன் என்று பெயராகிவிட்டது. அவர் மனைவி மருதம்மாள்கூட, "பொம்பளப் பாவம் சும்மா விடாது" என்றுதான் சோறு போட்டாள்.

ஆறேழு மாதம் போயிருக்கும். லூனாஸில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று வேலையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட குணவதி, குழந்தையோடு லாரியருகே வந்து நின்றாள். சுங்கை பட்டாணி வரை ஏற்றிப்போகச் சொல்லி ஆபீஸ் கிராணி உத்தரவு. இருளப்பன் ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார். பாதிச் சடக்கு தாண்டியதும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணே, அன்னிக்குத் திட்டுனது ஊருக்காக. அவரு நல்லா இருக்காரு. அவருகிட்டதான் போறேன்."

இருளப்பன் லாரியை ஓரமாக நிறுத்தினார்.

"மரஞ்சீவுற எடத்துல காட்டுக்காரங்க வந்து அரிசி கேட்டாங்கண்ணே. கையில இருந்த ஐசிய வாங்கிப் பேரையும் பாத்துக்கிட்டாங்க. குடுத்தா மாத்தா புடிப்பான். குடுக்காட்டி அவங்க கொன்னுருவாங்க. குடும்பத்தோட ஓடுனா ரெண்டு பக்கமும் தேடுவாங்க. குடிச்சித் தொலைஞ்சவன யாரு தேடுவா? நாந்தான் உங்களோட போவச் சொன்னேன்."

"மூசாவுக்குத் தெரியுமா?"

"அவரு மாமா கடையிலதான் இவருக்கு வேல."

"எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, தாயி?"

குணவதி குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "குடிச்சா உங்க வாய் நிக்காதுண்ணே."

இருளப்பன் லாரியைக் கிளப்பினார். சோதனைச்சாவடியில் சிப்பாய், இவள் யார் என்று கேட்டான். "என் தங்கச்சி" என்றார். ஸ்டேஷனில் அவள் மூட்டையைத் தானே பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்தார். அவள் கும்பிட்டதைப் பார்க்காதவர்போல் இறங்கி வந்துவிட்டார்.

கோபம் மூசாமேல்தான் அதிகம் இருந்தது. பல மாதம் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. பிறகு ஒருநாள் போய்ப் புகையிலை வாங்கினார். இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். கள்ளுக்கடைக்கும் போனார். ஆனால் ஒரு கோப்பையோடு எழுந்துவிடுவார். இரண்டாவது கோப்பையில்தான் பேச்சு வரும் என்று அவருக்குத் தெரியும். ஊர் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டது: குற்ற உணர்ச்சி, பாவம் என்றார்கள்.

அறுபதாம் வருஷம் அவசரகாலம் முடிந்தது என்று அறிவித்தார்கள். வேலியைப் பிடுங்கினார்கள். அந்த வாரம் கள்ளுக்கடையில் இருளப்பன் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொன்னார். யாரும் நம்பவில்லை. "ஏழு வருசமா யோசிச்சுக் கத கட்டியிருக்கான்லா" என்று சிரித்தார்கள்.

மருதம்மாள் மட்டும் நம்பினாள். "எங்கிட்டகூடச் சொல்லலியே" என்று இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள், குணவதிக்கு அப்புறம் பிள்ளை ஏதும் பிறந்ததா என்று கேட்டாள். அது அவருக்கும் தெரியாது.