வளப்பூர்க்காரர்களை மட்டும் மறுத்த இண்டெக்ஸ்

1. ஏற்கனவே யார்?

"இந்தப் பெயர் ஏற்கனவே உள்ளது."

திரையில் அதே வரி மறுபடியும் வந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த செல்லம்மா அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

மலை மேல் செம்மேட்டில் சலீம் பாய் நடத்திய ஒற்றை அறை ஆபீஸ் அது. பாய் அடிவாரத்து மிளகு வியாபாரி. மலை மிளகை விளைவித்தவர் பெயரோடு கொச்சிக்கு விற்க ஒரு வெப்சைட் போட்டிருந்தார். விவசாயி அதில் பதிவு செய்தால் ஒரு எண் வரும். அந்த எண் எழுதிய மூட்டையைத்தான் கொச்சிக்காரர் எடுப்பார். ப்ரோகிராமர், ஆபரேட்டர், டீ சொல்லி அனுப்புகிறவள் எல்லாம் நான்தான்.

மூடுபனி இறங்குவதற்குள் லாரி கீழே போயாக வேண்டும். வானமோ கறுத்துக் கிடந்தது. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; வளப்பூர் நாட்டு மேலூரிலிருந்து அக்கா பஸ்ஸில் கொண்டுவந்த மூட்டைகள் வாசலில் இருந்தன. அந்த வருஷத்து மிளகு மொத்தமும் அவைதான். லாரியில் ஏறாமல் ஈரம் கோத்துக்கொண்டால் பூஞ்சைதான்.

"ஏற்கனவே இருக்குதுன்னா, யாரு கண்ணு அது? நான் இந்தப் பக்கம் வாரதே இன்னிக்குத்தான்."

டேபிளில் தேடினேன். செல்லம்மா என்று ஒருவரும் இல்லை. இல்லாதவரை இருக்கிறார் என்கிறது கம்ப்யூட்டர்.

பின்னால் நின்ற பைல் நாட்டுக்காரர்களைப் பதிந்து பார்த்தேன். எல்லோரும் மளமளவென்று உள்ளே போனார்கள். மறுபடி அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். ஏற்கனவே உள்ளது! வளப்பூர் மேலூரிலிருந்து காலையில் வந்த நல்லதம்பி ஒருவர் மட்டும் பதிவாகியிருந்தார். அவருக்குப் பிறகு அந்த ஊரில் யாருக்கும் கதவு திறக்கவில்லை.

"ஏனுங்க, பைல் நாட்டு ஆளுங்க மட்டும்தான் மனுசங்களா? எங்க நாட்ட ஒதுக்கோணும்னு சொல்லி வெச்சிருக்காங்களா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வரிசையில் பேச்சு தடித்தது.

பாய் ஓடி வந்தார். "ஏம்மா, என்ன பண்ணி வெச்சிருக்க? அப்படி ஒரு பேரு வந்துச்சுன்னா நாளைக்கு வளப்பூர்ல நான் பஸ்ஸ விட்டு எறங்க முடியுமா?"

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மோடத்தை அணைத்துப் போட்டேன், பிரவுசரை மாற்றினேன், தமிழ் ஃபான்ட் மேல் சந்தேகப்பட்டேன். மிஷினுக்குச் சாமி வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

2. சேலத்து யோசனை

இதற்கு முந்தின வாரம்தான் அந்த டேபிளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, அதாவது யூனிகோடுக்கு மாற்றியிருந்தோம். ஒரே ஆள் இருமுறை பதியாமல் இருக்கப் பெயர் மேல் ஒரு யுனிக் இண்டெக்ஸ் உண்டு. பெயருக்கு நானூறு எழுத்து இடம். "மலக்காரங்க பேரு நீளம்மா, தாராளமா உடு" என்று பாய் சொன்னதால் வைத்தது.

எங்கள் டேட்டாபேஸில் ஒரு இண்டெக்ஸ் ஆயிரம் பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட், நானூறோடு போயிற்று. யூனிகோடில் எழுத்துக்கு மூன்று பைட் என்று கணக்கு, ஆயிரத்து இருநூறு ஆகிவிடும். 'கீ மிக நீளம்' என்று எரர் வந்தது. போனில் கேட்டதற்கு சேலத்து சர்வர்காரர், "மொத இருவது எழுத்துக்கு மட்டும் இண்டெக்ஸ் போடுங்க மேடம், யாரு பேரு அதுக்கு மேல போவுது?" என்றார். போட்டோம். எரரும் போனது.

3. முழுப் பெயர்

வேறு வழி தெரியாமல், "அக்கா, வெறும் பேர மட்டும் சொல்லுங்க" என்றேன். செல்லம்மா என்று அடித்ததும் உள்ளே போய்விட்டது. குழப்பம் இன்னும் கூடியது.

"போயிருச்சுக்கா! இப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "அதெப்படிங்க கண்ணு? மலையில எத்தன செல்லம்மா! நாடும் ஊரும் முன்னால வெக்காம எவ பேருன்னு தெரியும்? அந்த மொளகு எவளுதோன்னு போவட்டுமா? அழிச்சுப் போடுங்க."

அழித்தேன். அவர் சொன்னபடியே முழுதாக அடித்தேன்: வளப்பூர் நாடு மேலூர் செல்லம்மா. அடிக்கும்போதே விரல் நின்றது. கொம்பு, கால், புள்ளியையெல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணும் கம்ப்யூட்டர். எண்ணிப் பார்த்தேன். மேலூர் முடிகிற இடத்தில் இருபதும் முடிந்துவிட்டது. செல்லம்மா அதற்கு அப்புறம்தான் வருகிறார். காலையில் பதிந்த நல்லதம்பிக்கும் அதே இருபதுதான், இண்டெக்ஸுக்கு மேலூர்க்காரர் எல்லோரும் ஒரே ஆள். பைல் நாட்டின் பெயர் சிறியது, அதனால் ஆளின் முதல் எழுத்துகளுக்கு இடம் மிஞ்சியிருந்தது. ஒதுக்கிய மர்மம் அவ்வளவுதான்.

பெயருக்கான இடத்தை முந்நூறாகக் குறைத்தேன். மும்மூன்றாக எண்ணினாலும் தொள்ளாயிரம், ஆயிரத்துக்குள் அடக்கம். பழைய இண்டெக்ஸைத் தூக்கிவிட்டு முழுப் பெயருக்கும் போட்டேன். மேலூர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் பதிவானார்கள். தூறல் தொடங்கும்போது லாரி தார்ப்பாய் கட்டிப் புறப்பட்டது, அக்காவின் மூட்டைகளோடு.

அவர் கிளம்பும்போது என்ன கோளாறு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பைட் எல்லாம் வேண்டாம் என்று, "உங்க பேர்ல முன்னால இருக்கறத மட்டும் படிச்சுட்டு நிறுத்திருச்சுக்கா" என்றேன்.

"அது மிசினு. நீங்க யாராச்சும் கடைசி வரைக்கும் படிச்சுப் பாத்திருக்கலாமுல்ல கண்ணு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: எரர் போய்விட்டால் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். டேபிளில் இருக்கும் நிஜப் பெயர்கள் நாலைக் கடைசி எழுத்து வரை வாய்விட்டுப் படியுங்கள். நான் இன்றும் படிக்கிறேன். பக்கத்து சீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.