மீதி அரைக் கட்டை

கீபோர்டுக்குள் பாட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வாசிக்கத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வடசென்னையில் நான் ஏறாத மேடை குறைவு. பகலில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை. அங்கே ஒரு பெட்டியை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். இந்த மெஷினில் அந்த நியாயமெல்லாம் கிடையாது. ஒரு சவுண்டை மாற்றினால் அதை உள்ளே எழுதிவைக்க ‘ரைட்’ பண்ணு என்கிறது. ரைட் பண்ணினால் அது கீபோர்டுக்குள் மட்டும்தானாம், பென்டிரைவுக்குப் போக ‘சேவ்’ வேறாம். எல்லாம் முடிந்த பிறகு ‘ஆர் யூ ஷ்யூர்’ என்று ஒரு கேள்வி. எதைப் பற்றி ஷ்யூர் என்று அதுவும் சொல்லாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ட்ரூப்பின் பாடகி என் மனைவிதான். காலையில் மீன் ஏலத்தில் கத்துவாள், சாயங்காலம் மேடையில் பாடுவாள். கத்திக் கத்தி மேல் சுருதி எட்டாமல் போக ஆரம்பித்தது. அவளிடம் அதைச் சொல்ல முடியாது. வேறொரு பாடகி சுருதியைக் குறைத்துப் பாடியதைக் கேட்டுவிட்டு வந்த அன்று என்னிடம் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்.

“கட்டைய எறக்கிப் பாடற நெலம எனக்கு வந்துச்சின்னா, அன்னிக்கே மைக்க வெச்சுட்டு வூட்ல குந்திக்குவேன்.”

செய்யக்கூடியவள்தான். பாட்டு இல்லாமல் அவளை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் திருட்டுத்தனமாக ஒரு வேலை செய்தேன். சுருதியை இறக்க கீபோர்டின் முகப்பிலேயே ஒரு பட்டன் உண்டு. ஒரு அமுக்குக்கு அரைக் கட்டை இறங்கும். ஆனால் அதை அமுக்கினால் எவ்வளவு இறக்கினோம் என்று திரையில் கொட்டை எழுத்தில் காட்டிவிடும், அவள் பக்கத்தில்தான் நிற்பாள். ஆகவே ஒவ்வொரு பாட்டின் செட்டிங்குக்குள்ளும் போய், வெளியே தெரியாதபடி ஒரு கட்டை இறக்கி வைத்தேன். அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, நாலைந்து பாட்டாக முடித்து, ஒவ்வொரு தடவையும் பென்டிரைவில் சேவ் செய்தேன். அவள் வழக்கம்போலப் பாடினாள். எனக்கு என் சாமர்த்தியத்தின் மேல் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியது. கீபோர்டில் சில கட்டைகளை அமுக்கினால் சத்தமே வரவில்லை, திரை அப்படியே உறைந்து நின்றது. மாத்தூரில் ரிப்பேர் பார்ப்பவரிடம் கொண்டுபோனேன்.

“சாப்ட்வேர் புதுசா போடணும் நைனா. உள்ள கீறது எல்லாம் பூடும். சேவ் பண்ணி வெச்சுகினியா?”

“வெச்சுகினு கீறேன்” என்றேன் தெம்பாக.

ரிப்பேர் முடிந்து வீட்டுக்கு வந்து பென்டிரைவைச் செருகினேன். திரையில் வரிசையாக நியூஃபைல், நியூஃபைல் ஒன்று, நியூஃபைல் இரண்டு. எது கடைசியாகச் சேவ் செய்தது? தேதியைப் பார்க்கலாம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே தேதி. கீபோர்டுக்குள் கடிகாரமே கிடையாதாம். நடுவில் இடம் போதாமல் சிலதை அழித்திருந்ததால் எண்களும் முன்பின்னாகிவிட்டன. தலை கிறுகிறுத்தது. ஏதோ ஒன்றை லோடு செய்து முதல் பாட்டை வாசித்துப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. மற்றதையும் பார்ப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“இன்னாய்யா, ஒரே பாட்ட நோண்டிகினு கீற?”

பயந்துபோய் மூடி வைத்துவிட்டேன். முதல் பாட்டு சரி என்றால் எல்லாம் சரியாகத்தானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மீன்பிடித் தடைக்காலம் அது. திருவொற்றியூர் பக்கத்துக் குப்பம் ஒன்றில் அம்மன் திருவிழா. கடலுக்குப் போகாததால் மொத்தக் குப்பமும் மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. முதல் பாட்டு நன்றாகப் போனது, விசில் பறந்தது. இரண்டாவது பாட்டின் முன்னிசையில் கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. பழைய சுருதி. பாதிப் பாட்டுகளை மட்டும் இறக்கியிருந்த நாளில் சேவ் செய்த ஃபைலை லோடு செய்திருக்கிறேன்.

இடது கையால் வாசித்துக்கொண்டே வலது கையால் எதையெதையோ அமுக்கினேன். திரை ஆர் யூ ஷ்யூர் என்றது. எதற்குக் கேட்கிறது, யெஸ் சொன்னால் இருப்பதும் போய்விடுமா, ஒன்றும் புரியாமல் முன்னிசையையே திரும்பத் திரும்ப வாசித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், இத்தோடு மைக்கை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் பக்கத்தில் வந்தாள். மைக்கைக் கை மாற்றிக்கொண்டாள். கீபோர்டை ஒருநாளும் தொடாதவள், கையை நீட்டி முகப்பிலிருந்த அந்தப் பட்டனை நேராகக் கண்டுபிடித்து அமுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. சுருதி படியிறங்கி வந்தது. அதுவும் பாட்டில் ஒரு ஜோடனை என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. அவள் பாட ஆரம்பித்தாள். அப்படி இளகிய குரலில் அவள் பாடிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

நான் இறக்கி வைத்திருந்தது இரண்டு அமுக்கு அளவுதான்.

கச்சேரி முடிந்து ஒயரைச் சுற்றும்போது கேட்டேன். “உனக்குத் தெரியுமா மே?”

“எந்தொண்டைய்யா. எனக்குத் தெரியாதா?”

“மைக்க வெச்சுடுவேன்னியே?”

“நீ எனக்காவ குந்தினு ஒவ்வொரு பாட்டா எறக்கிகினு கீற. நான் எங்க வெக்கறது?” என்றாள். “ஆனா நீ எறக்கனது பத்தலய்யா. மீதி அரைக் கட்டைய நாந்தான் தொண்டைய இறுக்கிகினு இழுத்துனு இருந்தேன். இப்ப எறக்கினேன் பாரு, எல்லாப் பாட்டுக்கும் அத்தயே சேவ் பண்ணிடு.”

சுற்றிய ஒயரைப் பிரித்து கீபோர்டை மறுபடி ஆன் செய்தேன். கண் கலங்கித் திரை சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பாட்டாக மாற்றி முடித்ததும் மெஷின் வழக்கம்போல ஆர் யூ ஷ்யூர் என்று கேட்டது. நான் அவளைப் பார்த்தேன்.

“அமுக்குய்யா” என்றாள்.