பாட்டுக்காரன் இல்லாத மூன்று பாட்டு

என் அண்ணன் ஜீவராஜ் ஒரு மடையன். இதை அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். கந்தப்பளையில் லொறிக்கு லீக்ஸும் கேரட்டும் ஏற்றுவது அவன் தொழில். ஆனால் என்ன வேலை என்று யாராவது கேட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "ட்ரம்மர்" என்பான். லீக்ஸ் வாடை அடிக்கிற சட்டையோடு நின்றுகொண்டுதான் சொல்வான்.

அப்படிச் சொல்வதற்கு அவனுக்குக் காரணம் இருந்தது. எங்கள் அப்பா சின்னராசா, தேயிலைத் தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்படிக்கிறவர். தாத்தாவும் அதேதான். எழவு எந்த வீட்டில் என்றாலும் ஆள் வந்து எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று "சின்னராசா, கெளம்பு" என்பான். வயதுக்குக்கூட ஒரு மரியாதை கிடையாது. பள்ளிக்கூடத்தில் அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. தப்புக்காரன் மகன், அவ்வளவுதான். படிப்பை விட்ட அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டான்: "நீங்க அடிச்சதோட போதும்ப்பா. எந்தச் சாவுக்கும் நான் தப்பத் தொடமாட்டேன். அடிச்சா மேடையிலதான் அடிப்பேன்." அப்பா திட்டவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

மேட்டு லயத்துக் கணக்கப்பிள்ளை ஆண்டியப்பனின் மகன் சுதாகரன் பேஸ் கிட்டார் வாசிப்பான். மகன் ஆசைப்பட்டான் என்று கணக்கப்பிள்ளை ட்ரம் செட், ஸ்பீக்கர் எல்லாம் வாங்கிக் கொடுத்தார். பையன்கள் சேர்ந்து இசைக்குழு தொடங்கினார்கள். ட்ரம்முக்கு என் அண்ணன். கொஞ்ச நாளில் பாட்டுக்காரன் கத்தாருக்குப் பறந்தான். கீபோர்டுக்காரன் கல்யாணம் கட்டி மாமனாரின் கடையில் உட்கார்ந்துவிட்டான். மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர். பேஸையும் ட்ரம்மையும் மட்டும் வைத்துக்கொண்டு என்னத்தைக் கிழிப்பது? சோறும் கறியும் இல்லாமல் உப்பையும் புளியையும் பரிமாறுகிற கதைதான்.

ஆனாலும் விடவில்லை. தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுப்போன, பிறகு பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவைத் திறந்து, தொட்டில் கயிறு தொங்கிய அந்த அறையில் ஞாயிறு தவறாமல் வாசித்தார்கள். வாசித்ததைவிட எந்தப் பாட்டை எடுப்பது என்று சண்டை போட்டதுதான் அதிகம். சுதாகரனுக்கு எல்லாமே வேகமாக வேண்டும். அண்ணன் ஒத்துக்கொள்ளமாட்டான்.

"வேகத்துல பிழை மறைஞ்சிரும் மச்சான். மெதுவான பாட்ட எடு. அதுலதான் நாம ரெண்டு பேரும் ஒண்ணா நடக்குறோமா, ஆளுக்கொரு பக்கம் போறோமான்னு தெரியும்."

சண்டையைத் தீர்க்கத் தங்கச்சி என்னைக் கூப்பிடுவார்கள். கொழுந்து எடுத்துவிட்டு, அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டு நான் சுவரைப் பார்த்து உட்காருவேன். பாடாமல், ராகம் முணுமுணுக்காமல், பேஸும் ட்ரம்மும் மட்டும் வாசிப்பார்கள். என்ன பாட்டு என்று நான் சொல்லவேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்தப் பாட்டு கழிந்தது.

"இது எதுன்னு சொல்லு புள்ள."

"பாட்டாண்ணே இது? தண்ணி மோட்டர் ஓடுற மாதிரியில்ல இருக்கு."

சுதாகரன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஒரே கோப்பையில் இரண்டு பேரும் தேத்தண்ணி குடிப்பார்கள். அவன் குடித்த மிச்சத்தை இவன், இவன் குடித்த மிச்சத்தை அவன். கணக்கப்பிள்ளை மகன் எங்கள் வீட்டுப் பிள்ளையோடு அப்படிப் பழகுகிறானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

கடைசியில் மூன்று பாட்டு நின்றது. பேஸே ராகத்தைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு மழைப் பாட்டு. ஆடாதவனையும் ஆடவைக்கிற ஒரு பைலாப் பாட்டு. அப்புறம் திருவிழாவில் பாடுகிற ஒரு சாமிப் பாட்டு. அதில் ஓரிடத்தில் பேஸ் சட்டென்று நிற்கும், அண்ணன் மட்டும் தனியே அடிப்பான், மறுபடி இரண்டும் ஒரே அடியில் சேரும். அந்த இடம் வந்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

அந்த நேரம் பார்த்து நல்லமுத்து மாஸ்டரிடமிருந்து அழைப்பு வந்தது. நுவரெலியாவில் ஏப்ரல் சுற்றுலா சீசனுக்கு இசை மேடை போடுகிறவர் அவர். சீசன் முடிந்தால் கல்யாண வீடு, கொழும்பு என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். "பேஸும் ட்ரம்மும் ஜோடியா வேணும். நானுஓயாவுக்கு வந்து ரெண்டு பேர் மட்டும் வாசிச்சுக் காட்டுங்க" என்றார். அண்ணன் தரையில் கால் பாவாமல் திரிந்தான். எடுபட்டால் மூட்டை தூக்கவேண்டாம். ட்ரம்மர் என்று ஊரே சொல்லும். அவன் கேட்டது அது ஒன்றுதான்.

போகவேண்டிய வாரத்தில் கணக்கப்பிள்ளை ஆண்டியப்பன் மாரடைப்பில் போய்விட்டார். நல்லமுத்து மாஸ்டர் கருமாதி முடியும்வரை பொறுப்பதாகச் சொன்னார். எங்கள் அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்திருந்ததால், சாவென்றால் அடுத்த தோட்டத்திலிருந்துதான் அப்போதெல்லாம் தப்புக்காரர் வருவார். ஆனால் அன்று விடிந்ததும் சுதாகரன் தன் தாய்மாமனோடு எங்கள் வாசலுக்கு வந்தான். மாமன் படியேறவில்லை. சுதாகரன் உள்ளே வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"அப்பாவுக்கு எவனோ வந்து அடிக்கிறதா மச்சான்? நீ அடி. எனக்காக அடி."

நான் அண்ணன் கையைப் பிடித்து இழுத்தேன். "வேணாண்ணே. மாலை வாங்கிட்டுக் கூட்டாளியா போய் நில்லு."

"அவன் அப்பன் செத்துக் கெடக்காரு வினோ. வாய்விட்டுக் கேட்டுட்டான்."

சிநேகிதனுக்காக அடிக்கிறோம் என்று நினைத்தான் மடையன். ஒருதரம் அடித்தால் யாருக்காக அடித்தாய் என்று எவன் கேட்கப்போகிறான்?

அடித்தான். என்னமாய் அடித்தான்! மேட்டு லயத்துச் சனமெல்லாம் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. குழி மூடியதும், காரியம் செய்கிற மகன் தப்புக்காரனுக்குத் துண்டும் சாராயப் போத்தலும் கொடுப்பது வழக்கம். அண்ணன் இரண்டு கையையும் நீட்டினான். சுதாகரன் தன் மாமன் முகத்தைப் பார்த்தான். பிறகு துண்டையும் போத்தலையும் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். அண்ணன் குனிந்து எடுத்தான். அதை எட்டி உதைத்திருக்க வேண்டாமா? எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கருமாதி முடிந்து நானுஓயா போகிற நாள். அயர்ன் பண்ணிய சட்டையோடு அண்ணன் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்றான். நானும் கூட நின்றேன். ஆட்டோ வந்தது. சுதாகரன் இறங்கினான், பின்னாலேயே கிஷாந்த் இறங்கினான். அவன் சுதாகரனின் சித்தப்பா மகன். இறங்கியவன் நேரே உள்ளே போய் ட்ரம்மைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றத் தொடங்கினான்.

"கோவிச்சுக்காத மச்சான். மாமா ஒத்துக்கிட மாட்டேங்கிறாரு. எங்கப்பா சாவுக்குத் தப்படிச்சவன் நீ. கல்யாண வீட்டு மேடையில என்கூட நின்னா சாதிசனம் காறித் துப்பும்."

"கேட்டது நீதானேடா?" என்றான் அண்ணன்.

"கேட்டேன். நீ மாட்டேன்னுல்ல சொல்லியிருக்கணும்."

அதோடு விட்டானா? "சாமிப் பாட்டுல நிறுத்துற எடம் இவனுக்குப் பிடிபடல. ஒருக்கா தட்டிக் காட்டிரு" என்றான். என் அண்ணன், மானங்கெட்டவன், ஆட்டோவின் கூரையில் விரலால் தட்டிக் காட்டினான். கிஷாந்துக்குப் புரியும்வரை திருப்பித் திருப்பித் தட்டினான். "நாசமாப் போவீங்கடா!" என்று நான் கத்தினேன். ஆட்டோ புறப்பட்டுப் போய்விட்டது.

அவர்கள் நாசமாகவில்லை. மாஸ்டர் இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார். சீசன் மேடையில் அந்த மூன்று பாட்டுக்கும் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனதாம். அண்ணன் லொறிக்கு மூட்டை தூக்கினான். என்ன வேலை என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டான்.

போன வாரம் போன் அடித்தது. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். சுதாகரன்.

"வினோதா, எங்க பெரியம்மா செத்துட்டாங்க. ஜீவாவ கெளம்பி வரச் சொல்லு."

"வரமாட்டாரு. இனிமே இந்த நம்பருக்கு எடுத்தீங்கன்னா நல்லா இருக்காது!" என்று கத்தினேன்.

"வர்றேன்னு சொல்லு" என்றான் அண்ணன்.

"வெக்கமா இல்லையாண்ணே ஒனக்கு?"

அவன் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தட்டில் கையைக் கழுவினான்.

"அடிக்கிறதுக்கு எனக்கு வேற என்ன புள்ள இருக்கு?"

எழுந்து போய், அப்பாவின் தப்பை எடுத்து அடுப்புச் சூட்டில் தோல் இறுகக் காயவைத்தான்.