அண்ணன் வகுத்த படுக்கை நாள்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள், மருத்துவமனை ஊழியர்கள் அனைவருக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத வேண்டும் என்று அண்ணியும் பிள்ளைகளும் கேட்டபோது ஒரு நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டேன். தெய்வமாய் வாழ்ந்தார், எறும்புக்கும் தீங்கு நினையாதவர் என்றெல்லாம் என்னால் எழுத இயலாது. நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. நடந்ததை நடந்தபடி சொல்லித்தான் பழக்கம். அண்ணனுக்கும் அதுதான் பிடிக்கும்.

கம்மாபுரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் அண்ணன் பிறந்தார். அவருக்குப் பின் நான். நிலக்கரிச் சுரங்கத்துக்காக நிலம் எடுக்கப்பட்டபோது குடும்பம் விருத்தாசலத்துக்குப் பெயர்ந்தது. நெல் விளைத்துக்கொண்டிருந்த அப்பா, பீங்கான் கூடம் ஒன்றில் மண் கூழை அச்சில் ஊற்றும் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா அதே கூடத்தில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டினார். அண்ணன் படிப்பில் நடுத்தரம். இதை எழுதுவதில் அவருக்கு வருத்தம் இருக்காது.

அண்ணன் பள்ளிப் படிப்பை முடித்த சமயத்தில் அப்பா வேலையிடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அம்மா வேலையை விட முடியாது, நான் சிறுமி. ஆகவே மருத்துவமனையில் அப்பாவுக்குத் துணையாக அண்ணன்தான் இருந்தார். அங்கே ஒரு விஷயம் அவர் மனத்தில் தைத்தது. சாப்பிட்டாரா, தூங்கினாரா, வலி குறைந்ததா என்று எல்லாவற்றையும் செவிலியர்கள் அண்ணனிடமே கேட்டார்கள். படுத்திருந்த அப்பாவை யாரும் கேட்கவில்லை. பொறுத்துப் பார்த்த அப்பா ஒருநாள், "எனக்கு இடுப்புதாம்மா ஒடஞ்சிருக்குது, நாக்கு நல்லாதான் இருக்குது" என்று சொல்லிவிட்டார். எதிரே நின்ற சிஸ்டர் சிரித்துவிட்டு, மறுபடியும் அண்ணனிடமே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

அப்பா எழுந்து நடமாடத் தொடங்கியதும் அண்ணன் செவிலியர் படிப்பில் சேர்ந்தார். "ஆம்பளப் புள்ளைக்கு நர்ஸு படிப்பா? நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று கேட்காத உறவினர் குறைவு. கேட்டவர்களில் பலர் பிற்பாடு ஊசி போட்டுக்கொள்ள எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். பெண்ணும் கிடைத்தது. அண்ணி எந்தக் குறையும் சொல்லாமல் வந்தார். சென்னையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அண்ணன் விருத்தாசலத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனைக்குத் திரும்பினார். பெண் செவிலியரை சிஸ்டர் என்பதுபோல் ஆண் செவிலியரை பிரதர் என்பது வழக்கம். "ஊருக்கெல்லாம் பிரதர், உனக்கு மட்டும்தான் அண்ணன்" என்று அண்ணி என்னைக் கேலி செய்வார்.

புதிதாக வேலைக்கு வரும் செவிலியருக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அண்ணனிடம் வந்தது. அப்போது அவர் ஏற்படுத்தியதுதான் 'படுக்கை நாள்'. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் ஒரு பகல் முழுவதும் வார்டில் காலியாக இருக்கும் கட்டிலில் நோயாளியாகப் படுக்க வேண்டும். கையில் ஊசி ஏற்றாமல் பிளாஸ்திரி மட்டும் ஒட்டுவார்கள். தானாக எழுந்திருக்கக் கூடாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். உடன் வேலை செய்பவர் கரண்டியால் ஊட்டும்போது வாயைத் திறக்க வேண்டும். நான் இங்கே நர்ஸ் என்று அக்கம்பக்கத்துக் கட்டிலில் சொல்லக் கூடாது. யார் என்ன விசாரித்தாலும் நோயாளிக்கு என்ன தெரியுமோ அதை மட்டுமே சொல்ல வேண்டும்.

எனக்கு இது அறவே பிடிக்கவில்லை. "நல்லா இருக்கிற புள்ளைங்கள எதுக்கு அண்ணே படுக்க வைக்கிறீங்க, அபசகுனமா?" என்று கேட்டேன். "பாப்பா, நீ கரும்பலகைக்கு முன்னாடி நிக்கிறவ. கடைசி பெஞ்சுல உக்காந்து பாத்திருக்கியா?" என்றார். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிய பிறகும் அவருக்கு நான் பாப்பாதான்.

அண்ணன் எதிர்பார்த்தது வேறு, நடந்தது வேறு. படுத்துப் பார்த்தால் நோயாளியின் கஷ்டம் தெரியும் என்று நினைத்துக் கட்டிலில் கிடத்தினால், பிள்ளைகள் படுத்தவுடன் தூங்கிவிட்டார்கள். ஒருவர் இருவர் அல்ல, வந்தவரெல்லாம் தூங்கினார்கள். ஊட்ட வந்தவர் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. முதலில் அண்ணனுக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தார். வேலைக்குச் சேர்ந்த கையோடு, ஆள் போதவில்லை என்று இவர்களை அடுத்தடுத்த ட்யூட்டியில் நிற்க வைத்திருந்தார்கள். கண் செருகி நிற்கிற பெண்ணிடம் அன்பாகப் பேசு, பொறுமையாகக் கேள் என்று பாடம் நடத்துவதில் என்ன பயன்? அன்றிலிருந்து அவர் நிர்வாகத்தோடு சண்டை போடத் தொடங்கினார். தொடர் ட்யூட்டி கொடுக்கக் கூடாது, உட்கார ஓர் அறை வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெரும்பாலானவை கிடைத்தன. அதன்பின் வந்தவர்கள் படுக்கை நாளில் விழித்திருந்தார்கள்.

செவிலியர் பணி பற்றி ஆய்வு செய்யும் பேராசிரியை ஒருவர் ஒருமுறை வந்து பார்த்தார். இதனால் நோயாளிகளுக்கு நன்மை என்பதை எப்படி அளக்கிறீர்கள் என்று அண்ணனைக் கேட்டார். "அளக்கத் தெரியலீங்க மேடம். எங்க பொண்ணுங்க இப்ப சாப்பிட்டீங்களான்னு நோயாளியையே கேக்குறாங்க" என்றார் அண்ணன். அந்த அம்மையார் எப்படி அளப்பது என்று சொல்லிக்கொடுத்தார். அண்ணன் அதையும் ஒழுங்காகக் கற்றுச் செய்தார்.

இவ்வளவு சீராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த விபரீதம் நடந்தது. அந்தப் பெண்ணைக் கலா என்று எழுதுகிறேன். அது அவர் பெயர் அல்ல. சேத்தியாத்தோப்புப் பக்கம், விவசாயக் குடும்பம். வேலைக்குச் சேர்ந்த கையோடு அவருக்குக் கம்மாபுரம் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்து, தாம்பூலம் மாற்றி, கல்யாணத் தேதியும் குறித்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் அவருடைய படுக்கை நாள் வந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்கும் எங்களுக்கும் உறவான ஓர் அத்தை, அன்று அதே வார்டில் இருந்த ஒருவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருக்கிறார். பெண் பார்க்கப் போன கூட்டத்தில் அவரும் இருந்தவர். கலாவைக் கட்டிலில் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கையில் பிளாஸ்திரி. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுகிறார்.

"என்னாம்மா, நீயா? என்னா ஒடம்புக்கு?"

கலா விதியை மீறாதவர். நோயாளிக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார்.

"தெரியலீங்க. டாக்டரு வந்து சொன்னாதாங்க தெரியும்."

அத்தைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அவர் பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்வதற்குள் கலாவுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்துவிட்டது. மறுநாள் காலை அது இதயத்துக்கு ஏறியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை அடிப்பதை நிறுத்தினார்கள். கலாவின் அப்பா மருத்துவமனைக்கு வந்து, வரவேற்பு மேசை முன் நின்று, "எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே" என்று கத்தினார். நிர்வாகம் படுக்கை நாளை அன்றே தடை செய்தது. கலாவின் கல்யாணமும் அண்ணனின் பல வருட உழைப்பும் ஒரே வாரத்தில் நின்றுபோயின.

அண்ணன் என்னைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். பெண் துணை இருந்தால் பேச்சு நயமாக இருக்கும் என்று அழைத்தார். என்னைப் போய் நயத்துக்கு அழைத்ததிலேயே அவர் எவ்வளவு கலங்கியிருந்தார் என்று தெரிந்துகொள்ளலாம். மாப்பிள்ளையின் தாயார் மரியாதையாகவே டீ கொடுத்தார்.

அண்ணன் எல்லாவற்றையும் விளக்கினார். நோயாளியின் நிலைமை என்னவென்று தெரியத்தான் படுக்க வைக்கிறோம் என்றார்.

"அதான் ஆஸ்பத்திரி பூரா நோயாளிங்க இருக்காங்களே, அவங்களக் கேட்டாத் தெரியாதுங்களா?" என்றார் அந்த அம்மாள். நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் பட்டது.

"பொண்ணு மேல எங்களுக்கு ஒண்ணும் கொற இல்ல சார். ஆனா ஊரு வாய மூட முடியுங்களா? ஒரு நோவும் இல்லன்னு பெரிய டாக்டருகிட்ட எழுதி வாங்கிக் குடுத்துடுங்க. குறிச்ச தேதியிலயே முடிச்சிடலாம்."

மாப்பிள்ளை ஓரமாக நின்றார். "தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"அம்மா சொன்னாச் சரிங்க."

திரும்பும் வழியில் அண்ணன் தெம்பாக இருந்தார். ஒரு சான்றிதழ்தானே, மறுநாளே வாங்கிக் கொடுத்துவிட்டால் கல்யாணம் நடந்துவிடும். மறுநாள் காலை கலாவையும் அவர் அப்பாவையும் பயிற்சி அறைக்கு வரவழைத்துச் செய்தியைச் சொன்னார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். கலா மட்டும், "வேணாம் பிரதர்" என்றார்.

"ஏ, சும்மா இரு" என்று அப்பா அதட்டினார்.

"இல்லப்பா. அன்னைக்குப் படுத்துக் கெடந்தப்ப ஆரஞ்சுப் பழத்தோட வந்த அந்தம்மா மொகத்தப் பாத்தேன். அய்யோ பாவம்னு ஒரு வார்த்த வரல. கொழந்த பெத்துக்க முடியுமான்னு என் வயித்தப் பாத்தாங்க. நெசமாவே எனக்கு ஒரு நோவு வந்தா அந்த வூட்டுல எப்டி இருக்கும்? அப்பவும் யாராவது எழுதிக் குடுப்பாங்களா?"

அவர் அப்பா முக்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் தண்ணீர் எடுத்து அவரிடம் நீட்டினார். பிறகு, "ஐயா, தப்பு என்னுது. சான்றிதழ் வாங்கித் தரேன். ஆனா ஒங்க பொண்ணு கையிலதான் தருவேன். அவங்க குடுக்கிறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்" என்றார். சொன்னபடியே வாங்கிக் கொடுத்தார். கலா அதைக் கிழித்தெறிந்தார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. கைப்பையில் வைத்துக்கொண்டு ட்யூட்டிக்குப் போனார். மாப்பிள்ளை வீட்டுக்கு அது போகவே இல்லை.

எங்கள் அப்பா இறந்தபோதுகூட வீட்டார் முன் அழாத அண்ணன், அன்று மத்தியானம் சோற்றுத் தட்டின் முன் அழுதார். "ஒரு பொண்ணு வாழ்க்கையில கைய வெச்சிட்டேன் பாப்பா" என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "ஆமா அண்ணே, வெச்சிட்டீங்க" என்றேன். அண்ணி என்னை முறைத்தார். ஆனால் அண்ணனுக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது போலும், அதன் பிறகுதான் சாப்பிட்டார்.

படுக்கை நாளைத் திரும்பக் கொண்டுவர அண்ணன் முயலவில்லை. இனி அதைக் கேட்கும் தகுதி தமக்கு இல்லை என்று ஒதுங்கிவிட்டார். சில மாதங்கள் கழித்து நிர்வாகத்திடம் போய்க் கேட்டவர் கலாதான். உடன் வேலை செய்வோரையும் அழைத்துக்கொண்டு போனார். பொய் சொல்லும் விதியை எடுத்துவிட வேண்டும், வெளியார் யார் கேட்டாலும் பயிற்சி என்று சொல்லலாம், வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று அவரே திருத்தங்களும் வைத்திருந்தார். நிர்வாகம் சம்மதித்தது; அண்ணனும் ஒரு சொல்லையும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டார். தாம் வகுத்ததைத் தம்மிடம் பயின்றவர் திருத்தும்போது முகம் சுளிக்காத குணம் அவருக்கு இருந்தது. பிற குறைகள் எத்தனை இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

கடைசி ஆண்டில் அண்ணனின் இதயம் பலவீனப்பட்டது. அதே மருத்துவமனையில் சேர்த்தோம். அவ்வளவு பேரைப் படுக்க வைத்துப் பழக்கியவர், நோயாளியாக இருக்கத் துளியும் தெரியாதவராக இருந்தார். மூச்சு முட்டினாலும் அழைப்பு மணியை அழுத்த மாட்டார். தாமே எழுந்து நடப்பார். வார்டுப் பொறுப்பில் இருந்த கலா, "சிஸ்டருங்களுக்கு வேல குடுக்கக் கூடாதுன்னு நெனைக்கிறீங்க. நீங்க விழுந்தா அதவிடப் பெரிய வேல பிரதர்" என்று திட்டிய பின்புதான் அடங்கினார். ஒரு பிற்பகலில், அண்ணி பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண் மூடினார். அவர் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதை எப்படி அழகாகச் சொல்வது என்று தெரியவில்லை.

அண்ணனைக் கடைசிவரை கண்போல் காத்த அண்ணிக்கும், மருத்துவர்களுக்கும், செவிலியருக்கும், நேரம் பாராமல் ஆட்டோ ஓட்டி வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்மைப் பற்றி எழுத அனுமதித்த கலாவுக்கும் நன்றி. பின்னால் அவருக்குத் திருமணம் ஆனதா என்பதை எழுத அவர் அனுமதிக்கவில்லை. அது ஊருக்கு எதற்கு என்று கேட்டார்.

அந்த அத்தைக்கும் நன்றி. அண்ணன் படுத்திருந்த காலத்தில் பஸ் பிடித்து வந்து நொய்க்கஞ்சி கொடுத்துவிட்டுப் போனவர். அத்தை முறையில் எங்களுக்கு நிறையப் பேர் இருப்பதால் யாரென்று பிறருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணனுக்கு ஏதேனும் செய்ய விரும்பினால் பணமோ மாலையோ வேண்டாம். அண்ணன் வேலை பார்த்த மருத்துவமனையில் யாரையாவது பார்க்கப் போகும்போது, உங்களுக்குத் தெரிந்த பெண் ஒருத்தி கட்டிலில் படுத்திருக்கக் காண நேரலாம். அது பயிற்சியாக இருக்கக்கூடும், ஊருக்குப் போய்ச் சொல்லாதீர்கள். உண்மையிலேயே அவளுக்கு நோய் என்றாலும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கை