உறைந்த தேனும் டாமியின் தீர்ப்பும்

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில்கூட யாராவது பாயசத்தை நம் மூக்குக்கு நேரே நீட்டி "கலப்படமா பாருங்க" என்பார்கள். டாக்டர்களே, வக்கீல்களே, என் வேதனை உங்களுக்காவது புரியும். செங்கல்பட்டில் என் மேஜைக்கு வருவதெல்லாம் இனிப்புதான். தேன், வெல்லம், கருப்பட்டி. அதைக் கொண்டுவருகிறவர்கள் முகத்தில்தான் இனிப்பு இருக்காது.

எறும்பு

ஏகாம்பரம் வேடந்தாங்கல் பக்கம் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார். நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தேன் விற்பதுதான் பிழைப்பு. அங்கே யார் வீட்டிலோ அவர் தேனில் எறும்பு மொய்த்துவிட்டதாம். உடனே சர்க்கரைப் பாகு என்று முடிவு கட்டிவிட்டார்கள். சோதித்தேன். அப்பழுக்கில்லாத தேன். தேனில் இருப்பதே குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான், இரண்டும் சர்க்கரை, எறும்பு வராமல் என்ன செய்யும் என்று விளக்கினேன்.

"எனக்குத் தெரியும் மேடம், எறும்புக்கும் தெரிஞ்சிகீது. நாவலூர்ல யாரு போய் சொல்றது?"

நாய்

நான் கொடுத்த சான்றிதழை நம்பாமல் குடியிருப்புச் சங்கச் செயலாளர் நேரிலேயே வந்தார், கையில் நாயோடு. சுத்தமான தேனை நாய் நக்காது என்பது அவர் கட்சி. டாமி ஏகாம்பரத்தின் தேனை நக்கியது. பிறகு மேஜையை நக்கியது. கடைசியில் என் டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதத்தையும் முடித்தது. இது எதையும் நக்கும் சார் என்றேன்.

"உங்க மெஷின் தப்பு பண்ணலாம் மேடம், எங்க டாமி இதுவரைக்கும் பண்ணதில்ல."

உறைந்தது

அடுத்து, குடியிருப்பில் ஒருவர் ஃப்ரிட்ஜில் வைத்த தேன் அடியில் உறைந்துவிட்டது. ஏகாம்பரத்தை இனி கேட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மனிதர் பிழைப்பு போய்விடுமே என்று பதறிப் போய் நானே கிளம்பிப் போனேன். குளிரில் குளுக்கோஸ் உறையும், ஃப்ரக்டோஸ் உறையாது, நல்ல தேனும் இப்படி ஆகும் என்று தொண்டை வறளப் பேசினேன். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் இளகி, பழைய தேனாகிவிட்டது. எனக்கே பெருமையாக இருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"பாத்தீங்களா, சர்க்கரை எப்படிக் கரையுதுன்னு."

ஏகாம்பரத்துக்குக் கேட் மூடப்பட்டது.

பாகு

கொஞ்ச நாள் கழித்துப் புது பாட்டிலோடு வந்தார், முகம் நிறையச் சிரிப்பு. நாவலூரில் கேட்டைத் திறந்துவிட்டார்களாம், மறுபடி விற்கிறாராம், ஏக கிராக்கியாம். எத்தனை குளிரிலும் இது உறையாதுதானே என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். சோதித்தேன். பாதிக்குப் பாதி பாகு. டின்னில் வருமே, ஃப்ரக்டோஸ் மிகுந்தது, அது. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல தேனைக் கெடுக்க எந்தப் படுபாவி சொல்லிக் கொடுத்தான் என்று கத்தினேன்.

"மீட்டிங்ல நீங்க பேசினத அவங்க யாரும் கேக்கல மேடம், நான்தான் கேட்டுகினு இருந்தேன்."

அன்றே அந்தப் பாகை விடச் சொல்லிச் சண்டை போட்டு, அவரிடமிருந்த கலப்பில்லாத தேனை நானே வாங்கி வந்தேன். அது எங்கள் ஃப்ரிட்ஜில் கல்லாக உறைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, படித்த பெண்ணாக இருந்தும் இப்படி ஏமாந்திருக்கிறாயே என்கிறார் என் கணவர்.